‘பி.எஸ்.ஏ. நன்றாக இருக்கிறது, நான்தான் நன்றாக இல்லை’

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து 67 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு; நெஞ்சு வலிக்காகவும் மாத்திரை சாப்பிடுகிறார். 2023 கடைசியில் சிறுநீர் அடைத்துக்கொண்டு பரிசோதித்தபோது, சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்று என்று தெரிந்தது; இரத்தத்தில் பி.எஸ்.ஏ. 24 என்றும், சதைப் பரிசோதனையில் புற்றின் தீவிரத்தைக் குறிக்கும் கிளீசன் எண் 8 என்றும் வந்தது. எலும்புக்குப் பரவவில்லை. 2024 ஜனவரியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஹார்மோன் ஊசியைத் தொடங்கி, ஏப்ரலில் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இருபது நாள் ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சு, வைத்திருக்கிறார்கள். எட்டு ஊசி என்று சொன்னதில் ஆறு முடிந்துவிட்டது. கடைசியாகப் பார்த்த பி.எஸ்.ஏ. 0.05.

“டாக்டர் தாளைப் பார்த்து ரொம்ப நல்லா இருக்கு என்கிறார். நானும் நல்லா இருக்கேன் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். உண்மையில் பி.எஸ்.ஏ. நன்றாக இருக்கிறது, நான்தான் நன்றாக இல்லை” என்கிறார். சிறுநீர் வந்தால் அடக்க முடிவதில்லை. இரவில் நான்கு முறை எழுகிறார். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகும் நாளில், ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் வந்துவிடுமோ என்ற பயத்தில் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மூன்று மாதமாக மலத்தோடு சில நாள் இரத்தம் போகிறது. கடையில் மூல மருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார். உடம்பு திடீர் திடீரென்று அனலாய்க் கொதித்து வியர்க்கிறது. ‘ஆண்மை’ முற்றிலும் போய்விட்டது. நண்பர் வாங்கிக் கொடுத்த மாத்திரை ஒன்றை இரண்டு முறை சாப்பிட்டும் பயனில்லை. நோய் தொற்றிவிடுமோ என்று அஞ்சித் தம் மனைவியை வேறு அறையில் படுக்கச் சொல்லிவிட்டார். பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போவதையும், மாலையில் சில்வர் பீச்சில் நடப்பதையும் நிறுத்திவிட்டார். அறுவை சிகிச்சை செய்துகொண்ட நண்பர் நலமாக இருப்பதால் தாம் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்றும், மீதி இரண்டு ஊசியை விட்டுவிட்டால் என்ன என்றும் கேட்கிறார். ஏழாவது ஊசிக்கு எட்டு நாள் கடந்துவிட்டது.

அன்புள்ள ஐயா,

‘உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களிடம் போய் வேட்டி நனைகிறது என்று எப்படிச் சொல்வது’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரியல் மருத்துவனாக இந்த வரியை வெவ்வேறு சொற்களில் பல முறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் நோயாளி வெளியே போன பிறகு அவருடைய மகனோ மனைவியோ திரும்பி வந்து சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு. புற்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது ஓரளவு சொல்லும். நீங்கள் இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், எதற்காகக் கோயிலுக்குப் போகவில்லை என்பதெல்லாம் அந்தத் தாளில் அச்சாகி வராது. வரிசை நீண்டிருக்கும் புறநோயாளிப் பிரிவில் ‘நல்லா இருக்கேன்’ என்று நீங்கள் சொன்னால் மருத்துவர் அதை நம்பி அடுத்தவரை அழைத்துவிடுவார். நானும் அப்படி அழைத்திருக்கிறேன். ஆகவே, சொல்லாமல் விட்டதில் நன்றியறிதல் ஏதுமில்லை. சிகிச்சையின் பாதி வேலை நடக்காமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அந்த மாத்திரை

மற்ற எதற்கும் முன்பு இதைச் சொல்லிவிட வேண்டும். நண்பர் கொடுத்தது சில்டெனாபில் அல்லது டடாலாபில் வகையாகத்தான் இருக்கும். நெஞ்சு வலிக்கு நீங்கள் சாப்பிடும் மாத்திரை எதுவென்று எழுதவில்லை. அது நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டாகவோ வேறு நைட்ரேட் வகையாகவோ இருந்தால், இரண்டும் உடம்பில் ஒன்றாகச் சேரும்போது இரத்த அழுத்தம் ஒரேயடியாகச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மீதமிருக்கும் மாத்திரைகளை எடுத்துவிடுங்கள். என்றாவது நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அண்மையில் இப்படியொரு மாத்திரை சாப்பிட்டீர்களா இல்லையா என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் எந்த மருந்து தரலாம் என்பது முடிவாகும்.

மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்பதற்கு விடை ஊசியில் இருக்கிறது. ஆண் ஹார்மோனை அகற்றினால் புராஸ்டேட் புற்று சுருங்கும் என்பதை அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். அதற்காக 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் விரைகளை அறுத்து எடுத்தார்கள். இன்றைய ஊசி அதே வேலையைக் கத்தியில்லாமல், மாற்றக்கூடிய வகையில் செய்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஹார்மோன் அடங்கியிருக்கும்போது பெரும்பாலும் ஆசையே எழாது. ஆசை இல்லாத இடத்தில் இரத்த ஓட்டத்தைக் கூட்டும் மாத்திரைக்குச் செய்ய அதிகம் இல்லை. தசை குறைவது, இடுப்பில் கொழுப்பு சேர்வது, சோர்வு, மனம் எளிதில் கலங்குவது, உடம்பு கொதிப்பது எல்லாம் இந்த ஒரே வேரிலிருந்து வருபவை. ஊசி நின்ற பிறகு ஹார்மோன் மீண்டும் ஊற ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். உங்கள் வயதில் சிலருக்கு அது முழு அளவுக்குத் திரும்பாமலும் போகும். கதிர்வீச்சும் சர்க்கரையும் நரம்பையும் இரத்தக் குழாயையும் தம் பங்குக்குப் பாதித்திருக்கும். ஆகையால் பழையபடி எல்லாம் வந்துவிடும் என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. ஆனால் இதய மருத்துவரின் ஒப்புதலோடு மாத்திரை, வெற்றிடக் கருவி, உறுப்பில் போடும் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய பேச்சை ஹார்மோன் ஊசி முடிந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

மீதி இரண்டு ஊசி

பி.எஸ்.ஏ. 0.05 என்பதால் நோய் தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது புராஸ்டேட் செல்கள், நல்லவையும் கெட்டவையுமாக, அடங்கிக் கிடக்கும். அந்த நிலையில் எண் குறைந்திருப்பது நல்ல செய்திதான் என்றாலும், கதிர்வீச்சு எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பது ஊசியை நிறுத்தி ஹார்மோன் திரும்பிய பிறகே தெளியும். உங்கள் உடம்பில் புராஸ்டேட் சுரப்பி இன்னும் இருக்கிறது. அதனால் அப்போது பி.எஸ்.ஏ. சற்று ஏறும். 0.05 என்பது 0.4 ஆனால் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு, இறங்கிய மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு வைக்கிறோம். அறுவை செய்தவர்களுக்கு 0.2 என்பதே எச்சரிக்கை அளவு. உங்கள் நண்பரின் தாளையும் உங்கள் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மருள்வதில் பொருளில்லை.

நிறுத்தலாமா என்ற உங்கள் கேள்வி தவறானது என்றும் நான் சொல்லமாட்டேன். கிளீசன் 8 உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சோடு ஒன்றரை முதல் மூன்று ஆண்டு வரை ஊசி போடுவது வழக்கம். கனடாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 18 மாதம் போட்டவர்களுக்கும் 36 மாதம் போட்டவர்களுக்கும் ஆயுளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வாழ்க்கைத் தரம் 18 மாதக்காரர்களுக்கே மேலாக இருந்தது. உங்களுக்கு ஆறு ஊசியோடு 18 மாதம் கழிந்திருக்கிறது. ‘இதோடு போதுமா, இன்னும் இரண்டும் வேண்டுமா? சர்க்கரையும் இதயமும் உள்ள எனக்கு எது நல்லது?’ என்று உங்கள் மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவர் பார்த்த ஸ்கேனையும் சதைப் பரிசோதனை அறிக்கையையும் நான் பார்த்ததில்லை. ஆகவே இங்கிருந்து முடிவு சொல்ல முடியாது. கேட்டு முடிவெடுத்து நிறுத்துவது ஒரு வகை. போகாமல் இருந்துவிடுவது வேறு வகை. அதில் ஊசி மட்டுமல்லாமல் பரிசோதனையும் நின்றுபோகிறது.

அறுவை செய்திருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் வந்திருக்காது என்ற எண்ணத்தையும் சற்றுத் திருத்த வேண்டும். பிரிட்டனில் 1,643 பேரைக் குலுக்கல் முறையில் அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்று குழுவாகப் பிரித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 12-ஆம் ஆண்டில் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் வைத்துக்கொண்டவர்கள் அறுவைக் குழுவில் நூற்றுக்கு 24 பேர், கதிர்வீச்சுக் குழுவில் 8 பேர். மலக் கசிவோ கதிர்வீச்சுக் குழுவில் 12, அறுவைக் குழுவில் 6. அவர்கள் உங்களைவிட ஆரம்ப நிலையில் இருந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் நிலையில் அறுவை செய்திருந்தால், பலருக்கு நேர்வதுபோல், பின்னர் கதிர்வீச்சும் தேவைப்பட்டு இரண்டின் தொல்லையும் சேர்ந்திருக்கக்கூடும். நண்பர் நலமாக இருக்கிறார் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அவரும் உங்களைப் போலவே ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்பவராக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

சிறுநீர்

தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்பது கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். நடப்பது நேர்மாறு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, ஏற்கெனவே கதிர்வீச்சால் எரிச்சலுற்றிருக்கும் சிறுநீர்ப்பையை மேலும் சீண்டும். கொஞ்சம் சேர்ந்ததுமே வெளியேற்றச் சொல்லும். மலச்சிக்கலும் கூடும், அது சிறுநீர்ப்பையை அழுத்தும். கடலூர் வெயிலில், சர்க்கரை நோயோடு, காலையிலிருந்து பட்டினி கிடப்பதுபோல் தாகத்தோடு கிடப்பது சிறுநீரகத்துக்கும் கேடு. இதய மருத்துவர் வரம்பு எதுவும் விதிக்கவில்லையென்றால் பகலில் வழக்கமான அளவு குடியுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் குறையுங்கள். காபி, டீயை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். அவை இரண்டும் அவசரத்தைத் தூண்டுபவை.

இதற்குக் காரணம் கதிர்வீச்சு ஒன்றுதான் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஹார்மோன் ஊசி சர்க்கரையை ஏற்றும்; சர்க்கரை ஏறினால் இரவில் சிறுநீர் பெருகும். கிருமித் தொற்று இருக்கலாம். முழுவதும் வெளியேறாமல் தேங்கி வழியவும் செய்யலாம். சிறுநீர்ப் பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரை சராசரி, சிறுநீர் கழித்த பிறகு மிச்சத்தை அளக்கும் ஸ்கேன் ஆகிய மூன்றும் எளியவை, கடலூரிலேயே எடுத்துவிடலாம். போகும்போது மூன்று நாள் கணக்கு ஒன்றை எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், எத்தனை மணிக்குக் கழித்தீர்கள், எவ்வளவு, எப்போது நனைந்தது. மின்வாரியத்தில் ரீடிங் குறித்த கைக்கு இது ஒன்றும் பெரிதல்ல.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை இன்றே தொடங்கலாம். சபையில் காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை மேல்நோக்கி இறுக்குங்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். பத்துப் பத்தாக நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவது தவறு. பலன் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுபவர்களே அதிகம். அவசரம் வந்ததும் ஓடாமல், நின்ற இடத்தில் தசையை நான்கைந்து முறை இறுக்கி, அலை அடங்கியதும் நடந்து போங்கள். கழிக்கும் இடைவெளியை வாரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே வரலாம். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் மாத்திரைகள் உண்டு. அவற்றுள் சில முதியவர்களின் நினைவாற்றலை மந்தமாக்கும், சில இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் நீங்களே வாங்கிச் சாப்பிடக் கூடாது. இரவில் கட்டிலருகே சிறுநீர்ப் பாட்டில் ஒன்றும், கழிவறைப் பாதையில் சிறு விளக்கு ஒன்றும் இருக்கட்டும். ஹார்மோன் ஊசியால் எலும்பு மெலிந்திருக்கும் நிலையில், ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது புற்றுநோயைவிட விரைவாக ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிடும்.

மலத்தில் இரத்தம்

மலக்குடலின் முன்சுவர் புராஸ்டேட்டின் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. எவ்வளவு துல்லியமாகக் கதிரைச் செலுத்தினாலும் அங்கே கொஞ்சம் படும். மாதங்கள் கழித்து அந்த இடத்தில் மெல்லிய, எளிதில் உடையும் இரத்தக் குழாய்கள் தோன்றும், முக்கினால் கசியும். கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதத்திலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் இது தலைகாட்டுவது வழக்கம். உங்களுக்கு ஓர் ஆண்டளவில் வந்திருக்கிறது. ‘புற்று குடலுக்கு இறங்கிவிட்டது’ என்ற அச்சத்துக்கு இப்போதைக்கு ஆதாரமில்லை. ஆனாலும் 67 வயதில் மலத்தில் இரத்தம் வந்தால் உள்நோக்கிக் கருவியால் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும்; கதிர்வீச்சின் மேல் பழியைப் போட்டுவிட்டு வேறொன்றைக் கோட்டை விடக் கூடாது.

இங்கேதான் ஒரு முக்கியமான எச்சரிக்கை. பரிசோதிப்பவர் யாராக இருந்தாலும், ‘புராஸ்டேட்டுக்குக் கரண்ட் வைத்திருக்கிறேன்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கதிர் பட்ட முன்சுவரில் தேவையில்லாமல் சதை கிள்ளி எடுத்தாலோ, மூலம் என்று எண்ணி வளையம் போட்டாலோ அறுத்தாலோ புண் ஆறாமல், மலக்குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் இடையே துளையே விழுந்துவிடக்கூடும். கசிவு லேசாக இருந்தால் மலத்தை இளக்குவதே போதும். மிகுந்தால் மருந்து எனிமாவும், ஆர்கான் வாயுவால் குழாய்களைச் சுட்டு அடைக்கும் முறையும் இருக்கின்றன. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரில் இரத்தக் கட்டி வந்தாலோ, சிறுநீர் முற்றிலும் அடைத்தாலோ, முதுகு வலியோடு கால் மரத்துத் தள்ளாடினாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அன்றே போக வேண்டும்.

எலும்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உணவையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம், அதோடு வைட்டமின் டி தேவை. எலும்புக்கு ஊசி போட வேண்டியிருந்தால் அதற்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சில்வர் பீச் நடையை மீண்டும் தொடங்குங்கள். வாரத்துக்கு 150 நிமிடம், அதோடு இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சி. ஹார்மோன் ஊசிச் சோர்வுக்கு ஓய்வைவிடப் பயிற்சியே நல்ல மருந்து என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது.

உங்கள் மனைவி

புராஸ்டேட் புற்று தொடுவதாலோ உறவாலோ தொற்றாது. நீங்கள் பெற்றது வெளியிலிருந்து செலுத்திய கதிர். உடம்பில் அது தங்காது. பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், மனைவியின் அருகில் படுக்கலாம். காரணம் சொல்லாமல் அவரை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டீர்கள். முப்பது நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்தவர் அதற்கு என்ன பொருள் கொண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அனல் கொதிப்பிலிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதவிடாய் நின்ற காலத்தில் பெண்களுக்கு வருவதும் ஏறக்குறைய இதே கொதிப்புத்தான். பாலின ஹார்மோன் குறைந்ததும் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுகிறது. அந்த நாட்களை அவர் எப்படிக் கடந்தார் என்று, அநேகமாக, நீங்கள் அன்று கேட்டிருக்கமாட்டீர்கள். இன்று கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் என்னைவிட அவருக்கு அனுபவம் அதிகம். தாங்க முடியாத அளவுக்குப் போனால் மருந்தும் இருக்கிறது.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ‘இருந்து என்ன பயன்’ என்று எழுதி, பின் அடித்திருக்கிறீர்கள். அடித்ததையும் படித்தேன். ஊசியே மனச்சோர்வை உண்டாக்கக்கூடியது. அது உங்கள் உறுதிக் குறைவு அல்ல. அந்த எண்ணம் மீண்டும் வருகிறது என்றால் வீட்டில் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

கோயிலைப் பற்றி ஆகமம் பேச நான் தகுதியானவன் அல்லன். ஆண்களுக்கான பேட் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. வேட்டிக்குள் வெளியே தெரியாது, நனையவும் விடாது. சூலை நோயால் துடித்து, தம் குடல் படும் பாட்டையெல்லாம் திருவதிகைச் சன்னிதியில் ஒளிக்காமல் சொன்ன அப்பரடிகள் கல்லோடு கரையேறியதாக உங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது திருப்பாதிரிப்புலியூரில்தானே.

பெஞ்சல் புயல் வெள்ளத்தில் சிகிச்சைக் கோப்பு நனைந்து அழிந்துவிட்டது என்றும், மீண்டும் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நீங்கள் வெளிநோயாளியாகவே வந்து போயிருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். எவ்வளவு கதிர், எத்தனை தவணை என்ற சுருக்கம் குடலைப் பரிசோதிப்பவருக்குத் தேவைப்படும்.

ஏழாவது ஊசிக்கான நாள் தாண்டிவிட்டது. இந்த வாரமே புதுச்சேரிக்குப் புறப்படுங்கள். சிறுநீர், இரத்தம், ஊசி என்ற மூன்று சொற்களை ஒரு தாளில் எழுதி, பி.எஸ்.ஏ. தாளுக்கு மேலே வைத்து மருத்துவர் கையில் கொடுங்கள்; வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவர் படித்துக்கொள்வார். முடிந்தால் உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். பேட் வைத்துக்கொண்டு, பேருந்து ஏறும் முன் ஒரு முறை கழிவறைக்குப் போய்விட்டு, காலையில் தண்ணீர் குடித்துவிட்டே கிளம்புங்கள்.